முதலில் தேர்வு எழுத வேண்டியவர் மதிப்பிடுபவர்: ‘டீச்’ வகுப்பறைக் கருவி பற்றி ஒரு விமர்சனம்

ஆசிரியர் மதிப்பீட்டுப் படிவத்துக்கு இரு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். ஆசிரியையாக இருந்தபோது என்னை மதிப்பிட்டார்கள். தலைமையாசிரியையானதும் நான் மற்றவர்களை மதிப்பிட்டேன். இப்போது அரசுப் பள்ளிகளுக்குப் போய் வகுப்பைப் பார்ப்பதும், பார்த்ததை ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுவதும்தான் என் வேலை. இத்தனை காலத்தில் என் கைக்கு வந்த படிவங்களில் பெரும்பாலானவற்றை வகுப்புக்குள் போகாமலே நிரப்பிவிடலாம். “பாட அறிவு: மிக நன்று. வகுப்பறை மேலாண்மை: நன்று. ஆலோசனை: துணைக்கருவிகளை இன்னும் அதிகமாகப் பயன்படுத்தலாம்.” அந்தக் கடைசி வரி உலகத்தில் எந்த ஆசிரியருக்கும் பொருந்தும். அதனால்தான் எல்லோருக்கும் அதையே எழுதுகிறார்கள்.

இந்தச் சலிப்போடுதான் ‘டீச்’ கையேட்டைத் திறந்தேன். உலக வங்கி 2019-இல் வெளியிட்ட வகுப்பறைக் கூர்நோக்குக் கருவி இது. தொடக்கப் பள்ளிகளுக்காக வந்தது. பிறகு மழலையர் வகுப்புகளுக்கும் உயர்நிலை வகுப்புகளுக்கும் தனிப் பதிப்புகள் வந்தன. காசு கிடையாது. இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம், பல மொழிகளில் இருக்கிறது. இலவசம் என்றதும் தரம் பற்றி ஒரு சந்தேகம் வருமே, அது இங்கே தேவையில்லை. சந்தேகப்பட வேண்டிய இடங்கள் வேறு. அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பார்வையாளர் வகுப்பில் 15 நிமிடம் உட்கார்ந்து குறிப்பு எடுக்க வேண்டும். அப்புறம் நிறுத்திவிட்டு, கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மதிப்பெண் போட வேண்டும். பிறகு இன்னொரு 15 நிமிடம் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியவை மூன்று பகுதிகள்: வகுப்பறைச் சூழல், கற்பித்தல், சமூக-உணர்வுத் திறன்கள். இவற்றுக்குள் 9 கூறுகள், அவற்றுக்குள் 28 செயல்கள். ஒவ்வொரு செயலுக்கும் குறைவு, நடுத்தரம், உயர்வு என்று ஏதாவது ஒன்று. அவற்றை வைத்து ஒவ்வொரு கூறுக்கும் 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண். ஆசிரியரின் உடை, கையெழுத்து, பாடக்குறிப்பேட்டில் கையொப்பம் வாங்கினாரா இல்லையா என்பதற்கெல்லாம் இதில் இடமே இல்லை. அதற்காகவே தனியாக ஒரு நன்றி சொல்லலாம்.

இந்தக் கருவியின் உயிர் அந்தக் குறைவு, நடுத்தரம், உயர்வு விளக்கங்களில்தான் இருக்கிறது. நான்காவது கூறு, மாணவருக்குப் புரிந்ததா என்று ஆசிரியர் எப்படிச் சோதிக்கிறார் என்பது. நம் வகுப்பறைகளில் நாளுக்கு நூறு முறை கேட்கிற ஒரு கேள்வி உண்டு: “புரிஞ்சுதா?” உடனே வகுப்பே ஒரே குரலில், ராகம் போட்டு, “புரிஞ்சுது டீச்சர்!” இந்தக் கருவியைப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கான பயிற்சியில் இப்படி ஒரு வீடியோவைப் போட்டுவிட்டு மதிப்பெண் கேட்டார்கள். அறையில் இருந்த பாதிப் பேர் ‘நடுத்தரம்’ என்றார்கள். ஒரு மூத்த தலைமையாசிரியர், “கேள்வி கேட்டாங்க, பசங்க எல்லாரும் பதில் சொன்னாங்க, இதைவிட என்ன வேணும்? உயர்வுதான்” என்று கடைசிவரை விடவில்லை. கையேட்டின்படி அது குறைவு. எல்லோரும் சேர்ந்து சொல்கிற பதிலிலிருந்து தனித்தனியாக யாருக்குப் புரிந்தது என்று ஆசிரியரால் தெரிந்துகொள்ள முடியாது. தெரிந்துகொள்ள அவர் வேறு எதுவும் செய்யவும் இல்லை. இரண்டு மூன்று பேரைத் தனியாகக் கேட்டிருந்தால் நடுத்தரம். எல்லோரும் விடையை எழுதித் தூக்கிக் காட்டும்படி செய்து, அதைப் பார்த்து யார் எங்கே நிற்கிறார்கள் என்று கண்டுகொண்டிருந்தால் உயர்வு.

அந்த ஒரு வீடியோவுக்காக நடந்த வாக்குவாதம் தேநீர் இடைவேளையையும் தின்றது. ஆசிரியர் பயிற்சி என்ற பெயரில் நான் உட்கார்ந்திருந்த எத்தனையோ அரங்குகளில் இல்லாத சூடு அதில் இருந்தது. அங்கெல்லாம் ‘மாணவர் மையக் கற்றல்’ என்று எல்லோரும் தலையாட்டுவோம். இங்கே ஒரு நிமிட வீடியோவில் நடந்தது என்ன என்பதிலேயே ஒத்துப்போக முடியவில்லை. இப்படி ஒத்துப்போகாத ஆட்கள்தான் இத்தனை வருஷமாக ஆசிரியர்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தோம்.

இனி இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது. மதிப்பிடுபவருக்குத் தேர்வு வைக்கிறது. நான்கு நாள் பயிற்சி முடிந்ததும் வீடியோக்களைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். நிபுணர்கள் ஏற்கனவே போட்டு வைத்த மதிப்பெண்ணோடு ஒப்பிடுவார்கள். 9 கூறுகளும், பின்னால் நான் சொல்லப்போகும் ‘கற்றல் நேரம்’ என்ற பகுதியும் சேர்த்துப் பத்து. அதில் எட்டிலாவது நிபுணரின் மதிப்பெண்ணுக்கு ஒரு புள்ளி கூட, ஒரு புள்ளி குறைய என்ற எல்லைக்குள் வர வேண்டும். வரவில்லையென்றால் பள்ளிக்குப் போய் மதிப்பிட முடியாது. பதவி, அனுபவம், வயது எதுவும் செல்லாது. பயிற்சி அறையில் சிலருக்கு இது அவமானமாகப் பட்டது. எனக்கு நியாயமாகப் பட்டது. ஆசிரியரின் பிழைப்பைப் பற்றி எழுதப் போகிறவர், தன் கண் சரியாகப் பார்க்கிறது என்று முதலில் நிரூபிக்கட்டுமே.

இந்தத் தேர்வு ஏன் முக்கியம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2009-இல் ‘தி நியூ டீச்சர் ப்ராஜெக்ட்’ அமைப்பு நான்கு மாநிலங்களில் 12 கல்வி மாவட்டங்களை ஆராய்ந்தது. ‘திருப்தி’, ‘திருப்தியில்லை’ என்று இரண்டே தரம் வைத்திருந்த மாவட்டங்களில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு ‘திருப்தி’ கிடைத்திருந்தது. அதாவது யாரும் யாரையும் பார்க்கவே இல்லை. அதற்கு அங்கே கண்ட மருந்து, மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணை ஆசிரியரின் மதிப்பீட்டோடு முடிச்சுப் போடுவது. அதே 2009-இல் தொடங்கிய ‘ரேஸ் டு தி டாப்’ என்ற 435 கோடி டாலர் மத்தியத் திட்டம் அந்த வழியை வேகமாகத் தள்ளியது. 2010-இல் ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ நாளிதழ் சுமார் 6,000 ஆசிரியர்களின் இப்படிப்பட்ட மதிப்பெண்களைப் பெயரோடு வெளியிட்டது. 2014-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் ஒரு அறிக்கை விட்டது: மாணவர்களின் தேர்வு மதிப்பெண் ஏற்ற இறக்கத்தில் ஆசிரியரின் பங்கு 1 முதல் 14 சதவீதம் வரைதான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. மீதியெல்லாம் ஆசிரியரின் கையில் இல்லாதவை. கண்ணை மூடிக்கொண்டு ‘மிக நன்று’ போட்ட காலத்திலிருந்து, வகுப்புப் பக்கமே போகாமல் கணக்குப் போடும் காலத்துக்குத் தாவினார்கள். இரண்டிலும் ஒரு மனிதர் பின்பெஞ்சில் உட்கார்ந்து ஒழுங்காகப் பார்ப்பது என்ற வேலை விடுபட்டுப்போயிற்று.

சரி, கருவிக்கு வருவோம். 9 கூறுகளுக்கு முன்னால் ‘கற்றல் நேரம்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. 15 நிமிடத்தில் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் அதிகபட்சம் பத்து வினாடி, வகுப்பை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை கண்ணால் துழாவ வேண்டும். ஆசிரியர் கற்றல் வேலை ஏதாவது கொடுத்திருக்கிறாரா? வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தால் ‘இல்லை’ என்று குறித்துவிட்டு மேலே போகலாம். கொடுத்திருந்தால், அதில் ஈடுபடாத மாணவர்கள் எத்தனை பேர்? சத்தம் போடுகிறவன் மட்டும் இல்லை, கையைக் கட்டிக்கொண்டு அமைதியாக ஜன்னலைப் பார்க்கிற பிள்ளையும் இந்தக் கணக்கில் வரும். முதல் தடவை எண்ணும்போதே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ‘கட்டுப்பாடான வகுப்பு’ என்று நான் பாராட்டி எழுதியிருக்கக்கூடிய ஒரு வகுப்பில், பின் இரண்டு வரிசையில் ஒருவர் கூட பாடத்தில் இல்லை. சத்தமும் இல்லை.

ஆனால் இதே பகுதியில்தான் எனக்கு ஒரு சண்டையும் இருக்கிறது. ஈடுபடாதவர் யாரும் இல்லை, அல்லது ஒரே ஒருவர்தான் என்றால் உயர்வு; 2 முதல் 5 பேர் என்றால் நடுத்தரம்; 6 பேரோ அதற்கு மேலோ என்றால் குறைவு. 20 பிள்ளைகள் இருக்கும் வகுப்புக்கும் இதுதான், 60 பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் வகுப்புக்கும் இதுதான். அறுபது பேரில் ஆறு பேர் கவனம் சிதறியிருந்தால் அந்த ஆசிரியருக்கு நான் மாலை போடுவேன். கருவி அவருக்குக் ‘குறைவு’ போடுகிறது. எண்ணுவதற்கு எளிதாக இருக்க வேண்டும் என்று இப்படி வைத்தார்கள் போலிருக்கிறது. எளிமைக்கு விலை கொடுப்பவர் பெரிய வகுப்பு எடுக்கிற ஆசிரியர்.

இதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. 28 செயல்களில் ஒன்றுகூட, ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது சரிதானா என்று நேரடியாகக் கேட்பதில்லை. விளக்கம் தெளிவாக இருந்ததா என்று கேட்கும். அன்றாட வாழ்க்கையோடு இணைத்தாரா என்று கேட்கும். நான் பார்த்த ஒரு கணக்கு வகுப்பு நல்ல கலகலப்பு. ஆசிரியை குறிக்கோளைப் பலகையில் எழுதினார், குழந்தைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், நன்றாகச் செய்தவர்களை எதற்காகப் பாராட்டுகிறேன் என்று சொல்லிப் பாராட்டினார். நடுவில் ஒரு விதியும் சொல்லிக்கொடுத்தார்: “பெருக்கினா எண் எப்பவும் பெரிசாத்தான் ஆகும்.” ஒரு சிறுமி எழுந்து, “மிஸ், அரையால பெருக்கினா?” என்றாள். “அதெல்லாம் அடுத்த வகுப்புல வரும், உட்காரு.” அந்தச் சிறுமி கேட்ட கேள்வியைக் குறித்துக்கொள்ளக் கருவியில் இடம் இருக்கிறது; சிந்தனையைத் தூண்டும் கேள்விகளை மாணவர்கள் கேட்கிறார்களா என்பது ஆறாவது கூறில் வரும். ஆசிரியை சொன்ன விதி தவறு என்று எழுதத்தான் இடமில்லை. மொத்தத்தில் அந்த வகுப்பு நல்ல மதிப்பெண் வாங்கும். எல்லாப் பாடத்துக்கும் எல்லா நாட்டுக்கும் பொருந்துகிற கருவி என்றால் பாடப்பொருளைத் தொடாமல்தான் இருக்க முடியும், அது புரிகிறது. ஆகவே பாடம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இதை மட்டும் நம்பிப் போகக்கூடாது.

மூன்றாவது பகுதி, அதாவது தன்னாட்சி, விடாமுயற்சி, சேர்ந்து வேலை செய்தல் என்ற கூறுகள் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பெரும்பாலான வகுப்புகளில் இங்கே 1 அல்லது 2 விழுகிறது. வருத்தப்படலாம், ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. விடாமுயற்சியில் மட்டும் ஒரு நல்ல விஷயம்: ‘நீ புத்திசாலி’ என்று பாராட்டுவதையும் ‘மூன்று வழியில் போட்டுப் பார்த்தாயே, அது நல்லது’ என்று பாராட்டுவதையும் கருவி வேறு வேறாகப் பார்க்கிறது. இதைச் சொன்னதும் ஆசிரியர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். மறுநாளே வகுப்பில் கேட்கலாம்.

இனி கோபத்துக்கு வருகிறேன். கோபம் கருவியின் மேல் இல்லை, அதை வாங்கிக்கொண்டு போகிற அலுவலகங்களின் மேல்.

கையேடு இந்தக் கருவியை இரண்டு வேலைக்காகச் சொல்கிறது: ஒரு கல்வி அமைப்பில் கற்பித்தல் எந்த நிலையில் இருக்கிறது என்று மொத்தமாகப் பார்க்க, ஆசிரியரின் தொழில் வளர்ச்சிக்கு உதவ. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் அதைத் தூக்கி எக்செல் தாளில் போட்டார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு. ஆசிரியர்களை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி, தசம புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை கணக்குப் போட்டு, கூட்டத்தில் திரையில் காட்டினார்கள். 3.42 வாங்கியவர் 3.38 வாங்கியவரைவிடச் சிறந்தவராம். தேர்வில் தேறிய பார்வையாளருக்கே ஒரு புள்ளி இப்படி அப்படிப் போகலாம் என்று கருவியே அனுமதிக்கிறது. அப்படியானால் 3 வாங்கிய ஆசிரியரை இன்னொருவர் பார்த்து 2 போட்டிருக்கலாம், 4-உம் போட்டிருக்கலாம். நூறு பள்ளிகளின் சராசரி எடுக்கும்போது இந்த ஆட்டம் ஓரளவு அடங்கிவிடும். ஒரு தனி ஆளின் பதவி உயர்வை இதை வைத்து முடிவு செய்வது அநியாயம்.

திரையில் காட்டிய பிறகு என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒத்திகை தொடங்கிவிட்டது. நான் போன ஒரு வகுப்பில் ஆசிரியர், “பலகையில் யார் வந்து விளக்கப் போறீங்க? விருப்பமிருக்கிறவங்க வாங்க” என்று கனிவாகக் கேட்டார். ஒரு பையன் குழப்பத்தோடு, “சார், அது நான்தானே? நேத்தே சொல்லிட்டீங்களே” என்றான். தானாக முன்வருவதற்கு மதிப்பெண் உண்டு என்று அந்தப் பள்ளி முழுக்கத் தெரிந்திருக்கிறது. ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிவப்பில் பெயர் வந்தால் யார்தான் ஒத்திகை பார்க்கமாட்டார்கள்?

மதிப்பெண்ணைச் சம்பளத்தோடும் பதவியோடும் கட்டினால் கற்பித்தல் தானாக உயரும் என்ற நம்பிக்கையைப் பெரிய அளவில் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். கேட்ஸ் அறக்கட்டளை ஆதரவோடு அமெரிக்காவில் மூன்று கல்வி மாவட்டங்களிலும் நான்கு சார்ட்டர் பள்ளிக் குழுமங்களிலும் (அரசுப் பணத்தில், தனி நிர்வாகத்தில் நடப்பவை) 2009-10 முதல் 2015-16 வரை ஒரு திட்டம் நடந்தது. வகுப்பறைக் கூர்நோக்கு, மாணவர் தேர்ச்சி இரண்டையும் சேர்த்து ஆசிரியரை அளந்து, அதன்படி ஊக்கத்தொகை, பணி நிரந்தரம் என்று முடிவெடுப்பது திட்டம். மொத்தச் செலவு சுமார் 57.5 கோடி டாலர். 2018-இல் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் வெளியிட்ட மதிப்பீட்டறிக்கை, மாணவர் தேர்ச்சியில் எதிர்பார்த்த பெரிய முன்னேற்றம் வரவில்லை என்று சொன்னது. அந்த மாவட்டங்களில் ஒன்று ஃப்ளோரிடாவின் ஹில்ஸ்பரோ. அதே ஊரில் 67 ஆசிரியர்களின் பாட வீடியோக்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2013-இல் வந்தது. எனக்கு அதுதான் அதிகம் பயன்பட்டது. தலைமையாசிரியர்கள் தங்கள் சொந்தப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டார்கள். அது மனித இயல்பு. ஆனால் யார் மேலே, யார் கீழே என்ற வரிசை வெளியாட்கள் போட்ட வரிசையோடு பெரும்பாலும் ஒத்துப்போனது. ஒரே ஆள் திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட வேறு ஒருவரும் சேர்ந்து பார்த்தால் நம்பகத்தன்மை கூடியது. ‘டீச்’ பயன்படுத்துகிறவர்கள் ஒரு ஆளை மட்டும் அனுப்பாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் இந்தக் கருவியை எதற்கு எடுக்க வேண்டும்? வகுப்பு முடிந்த பிறகு நடக்கும் பேச்சுக்காக.

பின்னம் நடத்திய ஓர் இளம் ஆசிரியர். நான்கில் ஒன்று, மூன்றில் ஒன்று, எது பெரியது என்று கேட்டிருந்தார். மூன்றாவது வரிசைப் பையன் நான்கில் ஒன்று என்று எழுதியிருந்தான். ஆசிரியர் நோட்டைப் பார்த்து, “தப்பு, திரும்பப் போடு” என்று நகர்ந்துவிட்டார். வகுப்பு முடிந்ததும் என்னிடம் முதல் கேள்வி: “மேடம், எனக்கு எத்தனை?” எத்தனை என்று சொல்லவில்லை. என் குறிப்பில் இருந்ததை அப்படியே படித்தேன்: பையன் எழுதியது இது, நீங்கள் சொன்னது இது, அதன் பிறகு பையன் செய்தது இது. அவன் செய்தது, அழித்துவிட்டு மூன்றில் ஒன்று என்று எழுதியது. இரண்டில் ஒன்று தப்பென்றால் மற்றது சரியாகத்தானே இருக்க வேண்டும்? ஆசிரியர் சிரித்துவிட்டார். கொஞ்சம் யோசித்து, “நாலு மூணைவிடப் பெரிசுன்னு நினைச்சிருக்கான். ஏன் அப்படி எழுதினேன்னு கேட்டிருக்கணும்” என்றார். அடுத்த முறை போனபோது ஒரே நீளத் தாள் பட்டைகள் வைத்திருந்தார், மடித்துக் காட்டச் சொல்ல.

ஐந்தாவது கூறு, பின்னூட்டம், அன்று குறைந்த மதிப்பெண்தான். ஆனால் அந்த எண்ணைச் சொல்லியிருந்தால் பேச்சு எண்ணைப் பற்றித்தான் போயிருக்கும். நேரம், வாக்கியம், பையன் எழுதியது என்று வார்த்தைக்கு வார்த்தை குறித்துக்கொள்ள எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தக் கருவியின் பயிற்சி. பழைய படிவமாக இருந்திருந்தால் ‘துணைக்கருவிகளை இன்னும் பயன்படுத்தலாம்’ என்று எழுதிவிட்டு வந்திருப்பேன். வேடிக்கை என்னவென்றால் அது தற்செயலாகச் சரியாகவும் இருந்திருக்கும்.

‘டீச்’ உடன் ‘கோச்’ என்று ஒரு துணைத் திட்டமும் இருக்கிறது, இந்தப் பேச்சை எப்படி நடத்துவது என்று சொல்ல. ஒரு முறைக்கு ஒரே ஒரு திறனை எடுத்துக்கொண்டு, அதை அங்கேயே பயிற்சி செய்து பார்க்கச் சொல்கிறது. நல்ல யோசனை. இதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும் என்பதுதான் பிரச்சினை. ஆசிரியருக்குத் தனிப்பட்ட பயிற்றுநர் கொடுப்பது பற்றி 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளிவந்த ஆய்வு, கற்பித்தல் நன்றாகவே மேம்படுகிறது, மாணவர் தேர்ச்சியும் ஓரளவு கூடுகிறது என்று காட்டியது. கூடவே, திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் சுருங்குகிறது என்றும் காட்டியது. ஒரு பயிற்றுநரின் தலையில் எண்ண முடியாத பள்ளிகளைக் கட்டினால் அவர் வகுப்பைப் பார்த்துவிட்டு அடுத்த பேருந்தைப் பிடிக்க ஓடுவார், பேச உட்கார மாட்டார்.

பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் தாராளமாகப் பரிந்துரைப்பேன். ஆசிரியர்களே நான்கைந்து பேர் சேர்ந்து ஒருவர் வகுப்பை ஒருவர் பார்க்கவும் அருமையாக உதவும். பதவி உயர்வுக்கு எளிதான எண் ஒன்று தேடுகிற அலுவலகத்துக்கு வேண்டவே வேண்டாம். தொடங்குகிறவர்கள் 28-ஐயும் ஒரே நாளில் தூக்க வேண்டாம். நான்காவது, ஐந்தாவது கூறுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரே வகுப்பை இரண்டு பேர் பார்த்து, தனித்தனியாக மதிப்பெண் போட்டு, பிறகு எங்கே வேறுபட்டோம் என்று பேசிப் பாருங்கள். ஒத்துப்போகும்வரை ஆசிரியரிடம் போக வேண்டாம். கையேட்டை அச்செடுக்கும்போது விளக்கங்களும் உதாரணங்களும் உள்ள பக்கங்களை முழுதாக எடுங்கள். மதிப்பெண் தாளைக் கடைசியாக எடுத்தால் போதும், ஒன்றிரண்டு பிரதி.